வேருக்குப் போட்ட கோடு

என் அண்ணனுக்கு நீச்சல்குளத்தைப் பார்த்தாலே குமட்டும். இருபத்திரண்டு வருஷமாக வீடுகளின் பின்பக்கத்தில் நீச்சல்குளம் கட்டித் தருகிறவர் என்பதால் இதை வெளியில் சொல்லிக்கொள்ள முடியாது. வேலை முடிந்து தண்ணீர் நிரப்பியதும் வீட்டுக்காரர்கள் அன்பாகக் கூப்பிடுவார்கள்: "ஒரு முங்கு போட்டுட்டுப் போங்க மேஸ்திரி." அண்ணன், "சளி பிடிச்சிருக்குங்க" என்பார். இருபத்திரண்டு வருஷமாக மனுஷனுக்குச் சளி.

காரணம் எனக்குத் தெரியும். குளம் கட்ட வருவதற்கு முன்னால் எட்டு வருஷம் ஒரு தங்கும் விடுதியில் குளம் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீரை உறிஞ்சுகிற வாயில் ஒரு கூடை இருக்கும். இலை, தலைமுடி, யார் காலிலோ ஒட்டியிருந்த பிளாஸ்திரி, செத்த தவளை, எல்லாம் அதில்தான் வந்து அடையும். கையை விட்டுத்தான் அள்ள வேண்டும். அடியில் தங்கிய இலை நாலு நாளில் கருப்புக் கூழாகிவிடும். அதைக் கலக்கினால் அழுகின முட்டை நாற்றம் கிளம்பும். மேலே ஆட்கள் தண்ணீரை வாயில் வாங்கிக் கொப்பளித்துக்கொண்டு சிரிப்பார்களாம். அதைச் சொல்லும்போது அண்ணன் முகம் போகிற போக்கைப் பார்த்தால் கேட்கிறவர்கள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிடுவார்கள். இலை விழாத இடமாகப் பார்த்துக் குளம் வைக்க இவர்களுக்கெல்லாம் புத்தி இல்லையா என்று அங்கே திட்டிக்கொண்டிருந்தவர், ஒரு நாள் தானே கட்டக் கிளம்பிவிட்டார்.

அப்படிக் கிளம்பி, முதல் குளத்தையே ஒரு பெரிய மரத்துக்குப் பக்கத்தில் கட்டினார். வீட்டுக்காரர் காட்டின இடம், வாயைத் திறக்காமல் தோண்டிவிட்டார். மூன்றாம் வருஷம் பக்கச் சுவர் பிளந்து தண்ணீர் அத்தனையும் ஒரே ராத்திரியில் வடிந்துபோனது. உடைத்துப் பார்த்தால், தொடை கனத்துக்கு ஒரு வேர் உள்ளே வந்து சுகமாகப் படுத்திருந்தது. அந்த வீட்டுக்காரர் பேசின பேச்சை அண்ணன் இன்றைக்கும் வரிசை மாறாமல் சொல்வார். அதற்கப்புறம்தான் அவருக்கு மரப் பைத்தியம் பிடித்தது. யாராவது, "இங்கதான் மேஸ்திரி குளம்" என்று இடத்தைக் காட்டினால் அவர் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார். நேராகப் போய்ச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற அடுத்த வீட்டு மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார். தெருவில் அவரைக் 'குழி' என்பார்கள். அண்ணிக்கு அந்தப் பெயர் சுத்தமாகப் பிடிக்காது. அண்ணன் காதில் போட்டுக்கொண்டதில்லை.

நான் அவருக்கு ஒரே தங்கை. எனக்குக் கல்யாணம் ஆனதும் அது முடிந்ததும் இங்கே வேண்டாம். பதினாலு வருஷமாக அண்ணன் வீட்டில் இருக்கிறேன். முன் அறைதான் ஆபீஸ். ஒரு மேசை, ஒரு போன், சுவரோரம் சாய்த்து வைத்த நீல ஓடுகள், மூலையில் குளோரின் டப்பாக்கள். அந்த வாசனை திரைச்சீலை, தலையணை, காபித்தூள் வரைக்கும் ஏறியிருக்கிறது. போனை எடுப்பது, படம் வரைவது, காலையில் வண்டியில் சாமான் ஏற்றுவது எல்லாம் என் வேலை. இந்தக் கடைசி வேலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அதை ஒரு நாள் ஒழுங்காகச் செய்யவில்லை.

அண்ணன் வேலை செய்கிற முறை யாருக்கும் பிடிக்காது, நேரம் எடுக்கும். முதலில், குளம் வரப்போகிற இடத்தில் அதே அளவுக்கு ஒரு தார்ப்பாயை விரித்து நாலு பக்கமும் கல் வைத்துவிட்டு ஒரு வாரம் கழித்து வருவார். ஒரு வாரத்தில் மேலேயிருந்து விழுந்தது என்னவோ அதுதான் குளத்திலும் விழும். வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவார். அடுத்தது, ஆளுயரக் கம்பியை மண்ணில் குத்திக்கொண்டே வேர் தேடுவார். கல் என்றால் கையில் சுரீரென்று அடிக்கும், வேர் என்றால் கம்பியை மெல்லத் திருப்பித் தள்ளும் என்பார். நானும் குத்திப் பார்த்திருக்கிறேன், எனக்கு இரண்டும் ஒன்றுதான். வேர் போகிற வழி தெரிந்ததும் அதன் மேலேயே பொடி தூவிக் கோடு போடுவார். குழிக்கு வெள்ளை, சுண்ணாம்பு. வேருக்குச் சிவப்பு, செங்கல் பொடி. வெள்ளை என்றால் தோண்டு, சிவப்பு என்றால் தொடாதே. எங்களிடம் வழக்கமாக மண் தோண்ட வருகிற மெஷின்காரர்கள் எல்லாருக்கும் இது பாடம்.

சிவப்புப் பொடி கடையில் கிடைக்காது. உடைந்த செங்கலை இடித்து நான்தான் சலிக்க வேண்டும்.

போன வருஷம் கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் வந்தார். கட்டடங்களுக்குப் பெரிய பெரிய கண்ணாடி போடுகிறவர். அவர் வீட்டின் பின்சுவரே கண்ணாடிதான், தரையிலிருந்து கூரை வரைக்கும். அதற்கு முன்னால் ஒரு சோபா. அதில் உட்கார்ந்துகொண்டு கையை நீட்டி இடத்தைக் காட்டினார். எழுந்திருக்கக்கூட இல்லை.

"மேஸ்திரி, நான் இங்க உட்கார்ந்தா நேரா தண்ணி தெரியணும். கண்ணாடி மாதிரி. என் ஆசை அவ்வளவுதான்."

அண்ணன் வழக்கம்போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு அத்திமரம். இரண்டு பேர் கை கோர்த்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். பாதிக் கிளை இந்தப் பக்கம் வந்து, அவர் காட்டின இடத்துக்கு நேர் மேலே நின்றது.

"இந்த இடத்துல வச்சா தண்ணி தெரியாது சார். இலைதான் தெரியும்."

"மரம் யாருது?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர். ஆறு வருஷமாக அந்த வீட்டில் குடியிருக்கிறார். தினமும் அந்த நிழலில்தான் காரை நிறுத்துகிறார். மரம் யாருடையது என்று தெரியவில்லை! எனக்கு அந்த ஆளை அப்போதே பிடிக்கவில்லை.

தார்ப்பாய் விரித்தோம். ஒரு வாரம் கழித்துப் போனால் நீலமே தெரியவில்லை. இலை, சுள்ளி, பறவை எச்சம், அதற்கு மேலே பாதி கொத்தின அத்திப்பழம். அத்திப்பழத்தைப் பிட்டால் உள்ளே நெளியுமே, அது அத்தனையும் வெயிலில் வெந்து தார்ப்பாயோடு ஒட்டியிருந்தது. கண்ணாடிக்காரர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார்.

"சே! என்ன கருமம் இது?"

அண்ணன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அவர் எதிர்பார்த்ததே இந்தச் 'சே'யைத்தான். "அதுக்குத்தான் சார் சொல்றேன், அந்த மூலைக்குப் போயிடலாம். முப்பத்தஞ்சு அடி தள்ளி. இலையும் விழாது, வேரும் வராது."

"அது சமையலறைப் பக்கம். அங்க வச்சா யார் பார்ப்பாங்க?"

"குளிக்கிறவங்க பார்ப்பாங்க சார்."

"அதில்ல மேஸ்திரி. மரத்தை எடுத்துடுங்க."

எங்கள் தொழிலில் நான் பார்த்து அலுத்துப்போனது இதைத்தான். குப்பையைக் காட்டினால் குளத்தை நகர்த்துவார்கள் என்று அண்ணன் நம்புகிறார். பத்தில் எட்டுப் பேர் மரத்தைத்தான் நகர்த்தச் சொல்கிறார்கள். அவர் தார்ப்பாய் விரிக்க ஆரம்பித்ததிலிருந்து எத்தனை மரம் போயிருக்கும் என்று நான் ஒருமுறை வாய்தவறிக் கேட்டுவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இந்த முறை மரம் அடுத்த வீட்டுக்காரருடையது என்பதால் அப்படி எடுத்துவிட முடியாது. "நீங்களே போய்ப் பேசுங்க, எனக்கு இந்த மாதிரி ஆளுங்களோட பழக்கமில்லை" என்று எங்களை அனுப்பினார் கண்ணாடிக்காரர். இந்த மாதிரி ஆள் என்றால் தையல்காரம்மா. வீட்டோடு ஒட்டி, அரைச் சுவர் எழுப்பித் தகர ஷீட் போட்ட ஒரு நீள அறை, அதில் மூன்று மெஷின், இரண்டு பெண்கள் கூட உட்கார்ந்து தைக்கிறார்கள். பள்ளிக்கூடச் சீருடை. அறைக்கு வெளியே ஐந்து அடியில் மரம். மத்தியான வெயிலில் போனோம். தகரத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறோம் என்றே தெரியவில்லை, அப்படி ஒரு குளுமை.

அண்ணன் விஷயத்தைச் சொன்னார். அந்தம்மா தைத்துக்கொண்டே கேட்டாள்.

"எனக்கு மட்டும் இது மேல ஆசையாண்ணே? காயப்போட்ட வெள்ளைச் சட்டை மேல ஒரு பழம் விழுந்தா நான் திரும்பத் துவைக்கணும். ராத்திரி ஷீட்டு மேல கல்லு விழற மாதிரி விழும். எத்தனையோ நாள் திட்டியிருக்கேன். ஆனா இது இல்லேன்னா இந்த ஷீட்டுக்குக் கீழ பகல்ல ஒரு மனுஷி உட்கார முடியாது. நான் தைக்கிறதே பகல்லதான். வேற இடமும் எனக்குக் கிடையாது."

"மரத்துக்கு ஒண்ணும் ஆகாதும்மா," என்றார் அண்ணன். "நான் பார்த்துக்கறேன்."

இந்த மனுஷன் யாருக்கும் இப்படி வாக்குக் கொடுத்து நான் பார்த்ததில்லை. வரும் வழியில், "உங்களுக்கு எதுக்குண்ணே வம்பு?" என்று கேட்டேன். "நானில்லேன்னா இன்னொருத்தன் வந்து வெட்டுவான்" என்றார்.

இழுத்துப் பறித்து ஒரு வழிக்குக் கொண்டுவந்தார். குளம் சமையலறைப் பக்கம் போகவில்லை. ஆனால் சுவரிலிருந்து பத்தடி உள்ளே தள்ளிக்கொள்ளக் கண்ணாடிக்காரர் ஒத்துக்கொண்டார். சோபாவிலிருந்து முக்கால்வாசி தெரியும். இந்தப் பக்கம் நீட்டியிருக்கிற கிளைகளை மட்டும் கழித்துவிடுவது. தையல்காரம்மாவும் அதற்குச் சரி என்றாள். அண்ணன் தானே ஏறி, ஒவ்வொரு கிளையாகக் கயிறு கட்டி இறக்கினார். இறங்கி வந்து அண்ணாந்து பார்த்தவர், "இப்ப கனம் முழுக்க அந்தம்மா பக்கம் போயிடுச்சு. இந்தப் பக்கத்து வேர் இழுத்துப் பிடிச்சிருக்கிற வரைக்கும் பயமில்லை" என்றார். அதைக் கண்ணாடிக்காரரிடமும் சொன்னார். அவர், "ஓகோ" என்றார்.

சனிக்கிழமை கோடு போடுகிற நாள். அன்றைக்குக் காலையில் நான் தலைக்குக் குளித்திருந்தேன். சிவப்புப் பொடி டின் காலி. பின்பக்கம் செங்கல் குவியலாகக் கிடந்தது. இடித்துச் சலிக்க அரை மணி நேரம் ஆகும். சலித்தால் தலையெல்லாம் தூசி செம்மண் மாதிரி ஏறும். வெள்ளை டின் இரண்டை மட்டும் வண்டியில் ஏற்றிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

அங்கே போய் அண்ணன் நாலு வேரைக் கண்டுபிடித்தார். நாலும் சுவருக்கு அடியில் நுழைந்து, குளம் வருகிற இடத்துக்குச் சற்று முன்னால் வரைக்கும் விரல் மாதிரி நீண்டிருந்தன. கையை நீட்டினார்.

"செவப்பு குடு."

"தீர்ந்துபோச்சுண்ணே. செங்கல் இல்லை."

செங்கல் இருந்தது. வாய் கூசாமல் சொன்னேன். அண்ணன் வெள்ளை டின்னைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் மூடினார்.

"திங்கக்கிழமை நம்ம மெஷின்காரர்தானே வரார். நீங்களும் நிப்பீங்க. வெள்ளையிலேயே போடுங்கண்ணே" என்று யோசனை வேறு சொன்னேன்.

போட்டார். குழிக்கு ஒரு பெரிய செவ்வகம். அதிலிருந்து சுவர்ப் பக்கமாக நாலு கோடு. அப்புறம் கண்ணாடிக்காரரை வெளியே கூப்பிட்டு, கோட்டைக் காலால் காட்டிக் காட்டிச் சொன்னார். "சார், இது குழி. இந்த நாலும் வேர். மெஷின் இது மேல ஏறக்கூடக் கூடாது. இது அறுந்தா மரம் அந்தப் பக்கம் சாஞ்சிடும், அந்தம்மா அறை மேலேயே." நான் பக்கத்தில்தான் நின்றேன். கண்ணாடிக்காரர் நாலு கோட்டையும் நிதானமாகப் பார்த்தார். ரொம்ப நிதானமாக. எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை, தலையில் தூசி படாமல் தப்பித்த சந்தோஷத்தில் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்குப் போன் வந்தது. தையல்காரம்மா.

"என்னம்மா, உங்க அண்ணன் நாளைக்குன்னு சொன்னார். இன்னைக்கே மெஷின் சத்தம் கேக்குதே?"

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூன்று கோடு முடிந்து நாலாவது நடந்துகொண்டிருந்தது. குழியில் ஒரு கைப்பிடி மண் எடுக்கவில்லை. செவ்வகம் அப்படியே கிடந்தது. சுவரை ஒட்டி மூன்று பள்ளம், ஒவ்வொன்றும் இடுப்பளவு ஆழம். அறுந்த வேர் முனைகளிலிருந்து பால் வடிந்து மண்ணில் கட்டியாகியிருந்தது. அண்ணன் ஓடிப்போய் மெஷினுக்கு முன்னால் நின்றார்.

மெஷின் ஓட்டுகிறவர் எங்களுக்குத் தெரியாத ஆள். பயந்துபோய் இறங்கினார். "கோடு போட்டிருந்துச்சுண்ணே. பெரிசு குழிக்கு, இது நாலும் பைப்புக்குன்னு நினைச்சேன். வீட்டுக்காரர்தான் பைப் பக்கத்துல இருந்து ஆரம்பின்னார்."

அவரைத் தப்பு சொல்ல முடியாது. எந்த வேலையிடத்துக்குப் போனாலும் வெள்ளைக் கோடு என்றால் தோண்டு என்றுதான் அர்த்தம். நாங்களே வருஷக்கணக்காக அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறோம்.

நான் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால், சோபாவில், கண்ணாடிக்காரர் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். எட்டு மணிக்கு மெஷின் வந்ததிலிருந்து அங்கேதான் இருந்திருக்கிறார். மூன்று வேர் அறுந்ததையும் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். எங்களைப் பார்த்ததும் கதவை நகர்த்திக்கொண்டு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தார்.

"வாங்க மேஸ்திரி. தெரிஞ்சவர் மெஷின் இன்னைக்குச் சும்மா இருந்துச்சு. சரி, உங்க வேலை சீக்கிரம் முடியட்டுமேன்னு கூப்பிட்டேன்."

"நேத்து உங்ககிட்ட சொன்னோமே சார், இது வேருன்னு!" என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

"சொன்னீங்களா? நீங்க நாலு விஷயம் சொல்றீங்கம்மா. எந்தக் கோடு எதுக்குன்னு எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? நான் கண்ணாடி விக்கிறவன்." அண்ணன் பக்கம் திரும்பினார். "கோடு உங்களுதுதானே மேஸ்திரி? நான் ஒரு கோடும் போடலையே."

சொல்லிவிட்டு உதட்டிலிருந்த காபி நுரையைத் துடைத்துக்கொண்டார். காறித் துப்பியிருப்பேன். அந்த வழவழப்பான முகம், கழுவின கை, மடிப்புக் கலையாத சட்டை. விடுதிக் குளத்தின் கூடையில் அண்ணன் அள்ளின எந்தக் கூழும் இந்த ஆள் அளவுக்கு நாறியிருக்காது. ஆனால் கோடு எங்களுடையதுதான். அது வெள்ளையாக இருந்ததற்குக் காரணம் நான்.

அண்ணன் வண்டியிலிருந்து ரம்பத்தை எடுத்து வந்தார். பள்ளத்தில் இறங்கி, அறுந்த முனைகளை ரம்பத்தால் சீராக அறுத்து, ஈரச் சாக்கு சுற்றி, மண்ணைக் கையாலேயே தள்ளி மூடினார். மாலை வரைக்கும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். பலன் இருக்காது என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

பதினோராம் நாள் காற்றுகூட இல்லை. மரம் சாய ஆரம்பித்தது. சுவருக்கு இந்தப் பக்கம் மண் வாயைப் பிளந்திருந்தது, என் கை உள்ளே போனது. தையல்காரம்மா தகரத்துக்கும் கிளைக்கும் நடுவில் ஒரு குச்சியை வைத்து அளந்துகொண்டிருந்தாள். முந்தின நாள் ஒரு முழம் இருந்தது, அன்றைக்கு ஒரு சாண். நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். மூன்று நாளில் மரத்தை இறக்க வேண்டும், அதுவரைக்கும் அறைக்குள் யாரும் உட்காரக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

தெரியாத ஆள் வெட்டினால் அறை நொறுங்கிவிடும் என்று அண்ணனே கயிறு எடுத்துக்கொண்டு போனார். இரண்டு நாள். துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொரு துண்டையும் கட்டித் தொங்கவிட்டு இறக்கினார். கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான். தகரத்தில் ஒரு கீறல் விழவில்லை. தையல்காரம்மாவும் மற்ற இரண்டு பெண்களும் தைத்த சட்டைகளை மூட்டை கட்டி மடியில் வைத்துக்கொண்டு தெரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கிளை இறங்கும், அறைக்குள் ஒரு துண்டு வெயில் விழும். இன்னொரு கிளை, இன்னொரு துண்டு. இரண்டாம் நாள் சாயங்காலம் அந்த அறை சுற்றிலும் வெயிலுக்குத் திறந்து கிடந்தது.

அண்ணன் இறங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அந்தம்மா எழுந்து வந்தாள்.

"கோடு போட்டது யாருண்ணே? அந்த வீட்டுக்காரர், மேஸ்திரி போட்ட கோட்டுலதான் தோண்டினோம்னு சொல்றார்."

"நான்தாம்மா போட்டேன். என் தப்புதான்."

"நான் பார்த்துக்கறேன்னு சொன்னீங்களே."

"சொன்னேன்மா."

அவ்வளவுதான். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தார். நான் மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். செங்கல் இருந்தது என்று நான் சொல்லவில்லை. சிவப்பு எங்கே என்று அவர் கேட்டதையோ, நான் சொன்ன பதிலையோ அவர் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த நாள் காலையில் நான் எழுந்து பின்பக்கம் போனால், அந்தக் குவியலுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து தானே செங்கல் இடித்துச் சலித்துக்கொண்டிருந்தார். நாலு டின் நிரப்பினார். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அண்ணியைக் காபி போடச் சொல்லு" என்றார். திட்டியிருக்கலாம். கன்னத்தில் ஒன்று வைத்திருந்தாலும் தேவலை.

அந்த வாரமே கண்ணாடிக்காரர் போன் செய்தார். "மரம்தான் போயிடுச்சே, மேஸ்திரிகிட்ட சொல்லும்மா, குளத்தைப் பழைய இடத்துலயே வச்சுக்கலாம். அந்தப் பத்தடி எதுக்கு வீணா?" நான் போனை அண்ணனிடம் நீட்டினேன். "வேற ஆளைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார். வேறு ஆள் கிடைத்தார். கிடைக்காமல் என்ன? ஒரு மாதத்தில் குளம் வந்துவிட்டது. சோபாவிலிருந்து முழுசாகத் தெரிகிறதாம். ஒரு இலை கிடையாதாம்.

நான் நாற்பது நாள் பொறுத்தேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் அந்தச் சனிக்கிழமைதான் ஞாபகம் வந்தது. கண்ணாடிக்காரரை எவ்வளவு திட்டினாலும் பாதியிலேயே வார்த்தை என் பக்கம் திரும்பிவிடும். கடைசியில் ஒரு மத்தியானம் தையல்காரம்மா வீட்டுக்குப் போனேன்.

வாசலிலேயே சூடு முகத்தில் அடித்தது. தகரத்தின் மேல் ஈரச் சாக்கு போட்டிருந்தாள். அது காய்ந்து சுருண்டு கிடந்தது. ஷீட் வெயிலில் படக் படக்கென்று சத்தம் போட்டது. மற்ற இரண்டு பெண்களையும் காணோம். ஒருத்திக்கு மயக்கம் வந்து நின்றுவிட்டாளாம், இன்னொருத்தி துணைக்கு ஆளில்லாமல் நின்றுவிட்டாளாம். இரண்டு மெஷின் மேல் துணி போட்டு மூடியிருந்தது. மூன்றாவதில் அவள் மட்டும், கழுத்தில் ஈரத் துண்டோடு. பள்ளிக்கூடம் திறக்க மூன்று வாரம் இருந்தது. சுவரோரம் வெட்டின துணி இடுப்பு உயரத்துக்குக் குவிந்திருந்தது.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

சொன்னேன். வெள்ளைக்கும் சிவப்புக்கும் உள்ள வித்தியாசம், காலி டின், செங்கல் இருந்தும் இல்லை என்று சொன்னது, தலைக்குக் குளித்திருந்தது, எல்லாம். அண்ணன் மேல் தப்பே இல்லை என்றேன். சொல்லும்போது அழுகை வந்தது. அவள் தையலை நிறுத்தவில்லை. ஒரு சட்டைக் கை முடிகிற வரைக்கும் தைத்து, நூலை வெட்டி, சட்டையைப் பக்கத்தில் வைத்த பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்கா."

"இப்ப உனக்கு லேசா இருக்கா?"

லேசாகத்தான் இருந்தது. அந்தச் சூட்டில், அவள் முகத்தில் வேர்வை ஊற்றிக்கொண்டிருக்கும்போது, நாற்பது நாளில் முதல் தடவையாக எனக்கு மூச்சு நன்றாக வந்தது. எனக்கே என்னைப் பார்க்க அருவருப்பாக இருந்தது.

"இருக்கும். இன்னைக்கு வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்குவ." குரலில் கோபம் இல்லை. துண்டைப் பிழிந்து மறுபடியும் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "சரி, வந்தது வந்த. இந்த மெஷினை ஒரு கை பிடி. இங்க உட்கார முடியலை."

ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் நான். தூக்கினோம். இரும்பு கையைச் சுட்டது.

"எந்தப் பக்கம்கா வைக்கணும்?"

அவள் மெஷினைப் பிடித்தபடியே நாலு பக்கமும் பார்த்தாள்.

"அதைத்தான் நானும் தினமும் பார்க்கிறேன். அஞ்சு மணி வரைக்கும் எந்தப் பக்கமும் வெயில்தான்."

மெஷினைக் கீழே வைக்காமல் நாங்கள் இரண்டு பேரும் அறைக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தோம்.